கொரண்டம் தமிழா?

2024 ஜூன் 9, வாசகர் கேள்வி

குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு எல்லாம் ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களாம். அதெல்லாம் தெரிந்த கதை. பன்னிரண்டாவதாக ‘கொரண்டம்’ என்று இருக்கிறது, அறிவியல் சொல் என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு தமிழ்ச் சொல்லை நான் கேட்டதே இல்லை. யாராவது அடித்துவிட்டதா, நிஜமா?

ஜூன் 9, இரவு

நிஜம்தான். ஆனால் ‘கொரண்டம்’ என்பது வெளிநாடு போய் வந்த பிறகு உள்ள உருவம். இங்கிருந்து கிளம்பும்போது அதன் பெயர் குருந்தம். துபாயில் இருந்துவிட்டு வந்த மாமா மாதிரி, பேச்சு மாறி வந்திருக்கிறது. பள்ளியில் எங்கள் வாத்தியாரே கரும்பலகையில் ‘கொரண்டம்’ என்றுதான் எழுதிப் போட்டார், நாங்களும் அப்படியே உருப்போட்டோம்.

பொருள் என்னவென்று கேட்டால், அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கல். இயற்கையில் வைரத்துக்கு அடுத்தபடி கடினமானவற்றில் இதுவும் ஒன்று. மோஸ் என்ற கனிமவியலாளர் 1812-ல் போட்ட கடினத் தரவரிசையில் வைரம் 10, இது 9. கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கம் ஆகும். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். ஒன்றும் அழகாகக் கலக்காமல் சாம்பலும் பழுப்புமாகக் கிடப்பதைத்தான் பொடித்துத் தேய்க்கப் பயன்படுத்தினார்கள். அந்த அழுக்குக் கல்லின் பெயர்தான் அறிவியலுக்குப் போனது, நகைக்கடைக் கல்லின் பெயர் போகவில்லை. மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 10

எனக்கு இதில் என்ன அக்கறை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முப்பத்தொரு வருடம் தொழிற்சாலை டூல் ரூமில் இருந்தவன் நான். கிரைண்டிங் வீல், அதாவது சாணைச் சக்கரம், தொடாத நாள் கிடையாது. வீலின் நடுவில் ஒட்டியிருக்கும் காகித வட்டத்தில் A60 என்ற மாதிரி ஏதாவது அச்சடித்திருக்கும். 60 என்பது பொடியின் அளவு. A என்றால் அலுமினியம் ஆக்சைடு, அதாவது அலுமினியத் தாதுவான பாக்சைட்டை மின்உலையில் உருக்கிச் செய்த செயற்கைக் குருந்தம். C என்றால் சிலிக்கன் கார்பைடு. நாங்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டோம். ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூலுக்கு ‘வெள்ளைக் கல்லு’, கார்பைடு டிப்புக்கு ‘பச்சைக் கல்லு’, அவ்வளவுதான்.

புது வீலை மாட்டுவதற்கு முன் நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டவேண்டும். ணங் என்று கோயில் மணி மாதிரி கேட்டால் மாட்டலாம். டொக் என்றால் உள்ளே விரிசல். சேர்ந்த இரண்டாம் வருடம் அவசரத்தில் ஒருநாள் தட்டாமல் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்ட நாலாவது நொடியில் வீல் மூன்றாகப் பிளந்தது. வீலை மூடும் இரும்புக் கார்டு இருந்ததால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போர்மேன் திட்டவில்லை, உடைந்த துண்டு ஒன்றை என் டிபன் கேரியர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

இத்தனை வருடத்தில் கொரண்டம் என்பது லத்தீன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 10, சிறு சேர்க்கை

ஏன் லத்தீன் என்று தோன்றியது? கடைசி ‘அம்’ காரணம். மரம், பழம், குருந்தம் என்று நாம் சாதாரணமாக முடிக்கும் ‘அம்’, ஆங்கிலத்தில் எழுதியபோது லத்தீன் ‘உம்’ போல ஆகிவிட்டது. ரேடியம், சோடியம் வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. இது என் ஊகம்தான், ஆனால் இந்தச் சொல் மாறாமல் நிலைத்ததற்கு அந்த வாலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அப்போது ஆங்கிலத்தில் இதற்கு ‘அடமண்டைன் ஸ்பார்’ என்று இன்னொரு பெயரும் இருந்தது. அது தோற்றுப்போனது.

ஜூன் 11

கதை இங்கேதான் சூடுபிடிக்கிறது. ஜான் வுட்வர்டு என்று லண்டனில் ஒரு மருத்துவர், கல் பைத்தியம். உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கல் வரவழைத்து அலமாரியில் அடுக்கியவர். அந்த அலமாரிகள் இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. 1720-களில் அவர் எழுதிய பட்டியலில் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த கற்கள் உண்டு. அதில் இரண்டு பெயர்: நெல்லா கொரிவிந்தம், டெல்லா கொரிவிந்தம்.

முதலாவதைப் பற்றி அவர் சொல்வது எனக்கு மிகவும் பிடித்தது. நெல் விளையும் வயல்களில் கிடைக்கும், பெரும்பாலும் வயல் எலிகள் தோண்டி வெளியே தள்ளும், இரும்பை மெருகேற்ற எமரி என்ற தேய்ப்புக் கல் போலப் பயன்படும் என்கிறார். எலி வளைக்கு வெளியே குவிந்த மண்ணில் பொறுக்கிய கல், கப்பலேறி லண்டன் போயிருக்கிறது.

‘நெல்லா’ என்பது நம்ம நெல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நெல் வயலில் கிடைத்ததால் நெல்லுக் குருவிந்தம். ஆக, தமிழ்!

ஜூன் 12, காலை

மேலே ‘சந்தேகமே இல்லை’ என்று எழுதியவனைக் கொஞ்சம் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆவடியிலிருந்து ஒரு வாசகர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், ஒரே வரியில் முடித்துவிட்டார்: “சார், நல்ல என்றால் கறுப்பு, தெல்ல என்றால் வெள்ளை. வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. இதில் நெல் எங்கே வந்தது?”

வரவில்லை. டெல்லாவுக்கு என்ன பொருள் என்று நான் யோசிக்கவே இல்லை பாருங்கள். ஜோடியில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தமிழ்க்கொடி ஏற்றியிருக்கிறேன். பெயரும் குருவிந்தம், நடுவில் ‘வி’ இருக்கிறது. தெலுங்கில் அதுதான் உருவம். நேற்றைய குறிப்பின் கடைசி வரியை அழிக்கப்போவதில்லை, கிடக்கட்டும்.

ஜூன் 12, மாலை

“தமிழைத் தெலுங்குக்கு விட்டுக்கொடுக்கிறீர்களா” என்று ஒருவர். ஐயா, இது பூர்வீகச் சொத்துப் பாகப்பிரிவினை இல்லை.

ஜூன் 15

இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவேண்டியிருக்கிறது. வுட்வர்டுக்கும் அறுபது வருடம் முன்னால், 1666 வாக்கில், கோல்கொண்டா பக்கம் வந்த பிரெஞ்சுப் பயணி தேவனோ, வெள்ளை எமரி ஒன்று அந்த நாட்டில் கல்லாகக் கிடைக்கிறது, தெலுங்கில் அதற்குக் ‘கொரிந்த்’ என்று பெயர் என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் தெலுங்கு என்றாலும், காதில் விழுந்த உருவம் உருதுக்காரர்கள் சொல்லும் ‘குருந்த்’துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோல்கொண்டாவில் இரண்டும் கலந்துதானே ஒலித்திருக்கும்.

அப்புறம் எங்கே தமிழ்? 1790-களில். கிர்வன் என்ற அயர்லாந்துக் கனிமவியலாளர் 1794-ல் ‘வி’ இல்லாத உருவத்தை எடுத்துக்கொள்கிறார். 1798-ல் சார்ல்ஸ் கிரெவில், ஆசியாவிலிருந்து வரும் கொரண்டம் கல் என்றே தலைப்பிட்டு லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசிக்கிறார். வுட்வர்டின் எலிக் குறிப்பை நினைவுபடுத்துபவரும் இவர்தான். (இதே கிரெவில்தான் தன் காதலி எம்மாவை மாமாவிடம் அனுப்பிவைத்தவர், அவளைப் பிற்பாடு கடற்படைத் தளபதி நெல்சன் காதலித்தார். கல்லை மட்டும் கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இறந்த பிறகுதான், 1810-ல், பிரிட்டிஷ் மியூசியம் விலைக்கு வாங்கியது.)

ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களுக்காக 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் பார்க்கிறது: வடமொழியில் குருவிந்த, தெலுங்கில் குருவிந்தம், தமிழில் குருந்தம். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்மூலம் தமிழாகத்தான் இருக்கும் என்பது அதன் தீர்ப்பு. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அதனால் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார் என்று சொல்லிவிடாதீர்கள். ‘வி’யை எடுத்துவிட்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் தமிழ் உருவம்தான் பொருந்துகிறது.

என் இப்போதைய நிலை: முதலில் காதில் விழுந்தது தெலுங்கு, கடைசியில் தங்கியது தமிழ். இரண்டும் ஒரே கோட்டை வாசலில், ஒரே சந்தையில் பேசப்பட்டவை.

ஜூன் 16

நேற்றைக்கு வந்த கடிதங்களில் இரண்டு வேறு குருந்துகள்.

ஒன்று, கொழும்பிலிருந்து. அங்கே கறுவாத்தோட்டம் என்று நாம் சொல்லும் இடத்துக்குச் சிங்களத்தில் குருந்துவத்த. குருந்து என்றால் கறுவாப்பட்டை. “இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டுகிறார்கள், கறுவாவும் எங்களுடையது, அப்போ குருந்தம் சிங்களமா” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். இல்லை. ஒலி ஒன்றாக இருப்பதைத் தவிர ஒட்டுறவு கிடையாது.

இன்னொன்று, குருந்த மரம். எலுமிச்சைக் குடும்பம், முள் உண்டு. கல்லுக்கு மரத்தின் பெயர் வந்திருக்குமோ என்கிறார் புதுக்கோட்டைக்காரர். அவர் ஊர்ப் பக்கம்தானே ஆவுடையார்கோயில், அந்தத் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில்தான் மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்டார். மாணிக்கம் என்பதே குருந்தக் கல். குருந்தின் கீழ் மாணிக்கம்! இதைப் படித்ததும் எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. பத்து நிமிடம் கழித்து டீ குடிக்கும்போது தெளிந்தது. நெல்லாவில் ஒருமுறை பட்டாயிற்று. மரம் குருந்து, கல் குருவிந்தம் தேய்ந்து குருந்தம். கடைசியில் ஒரே மாதிரி ஆகிவிட்டன, பிறப்பு வேறு. ஆனால் ஒரு புலவன் கையில் கிடைத்திருந்தால் இதை விட்டிருக்கமாட்டான்.

ஜூன் 20

குருவிந்தம் இலக்கியத்தில் உண்டா என்ற கேள்விக்கு: உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கிறான். அங்கே மாணிக்கத்தின் வகைகளாகப் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று நான்கு வருகின்றன. அந்த விந்தம்தான் குருவிந்தம். பின்னால் மாணிக்கப் பரல் போட்ட சிலம்பை விற்கப் போகிறவன், மாணிக்கத் தரம் பார்க்கும் கடைகளைத் தாண்டித்தான் போகிறான். நீளமான நகைப்பட்டியல் என்று கல்லூரியில் புரட்டித் தள்ளிய பக்கம்.

வடமொழியில் குருவிந்த என்பதற்கு மாணிக்கம் தவிர சாதிலிங்கம், கோரைக்கிழங்கு என்றெல்லாம் பொருள் கொடுக்கிறார்கள். சாதிலிங்கம் சிவப்பு, சரி. கோரைக்கிழங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஆக, புலவனுக்கு அது சிவப்பு மணி. எலி வளை மண்ணில் பொறுக்கியவனுக்கு அது தேய்க்கிற கல். லண்டனுக்குப் போனது இரண்டாமவனுடைய சொல்.

ஜூன் 21

அப்பாவின் ஹெச்எம்டி ஜனதா கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது. உள்ளே ‘17 ஜூவல்ஸ்’. அந்தப் பதினேழும் செயற்கை மாணிக்கம், அதாவது குருந்தம். பிரான்சில் வெர்னூய் 1902-ல் சொன்ன முறைப்படி, அலுமினாப் பொடியைச் சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்ப்பது. அம்மா ரொம்ப நாள் அதில் நிஜ வைரம் இருப்பதாக நினைத்து, ரிப்பேருக்குக் கொடுக்கும்போது அப்பாவைக் கடையிலேயே நிற்கச் சொல்வாள்.

ஜூன் 23

கார்போரண்டமும் இதுவும் ஒன்றா என்று மூன்று பேர். இல்லை, ஆனால் பெயரில் குருந்தம் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் தப்பாக.

1891, அமெரிக்கா, பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூர். எடிசனிடம் முன்பு வேலை பார்த்த ஆச்சிசன் என்பவர் இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கரிப்பொடியையும் கலந்து, நடுவில் கார்பன் கம்பியைச் செருகி மின்சாரம் பாய்ச்சுகிறார். ஆறியபின் கம்பியோடு மினுமினு என்று சில துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. கண்ணாடியில் இழுத்துப் பார்த்தால் கோடு விழுகிறது. களிமண்ணில் அலுமினா உண்டு, கரியில் கார்பன் உண்டு, ஆகவே இது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று முடிவுகட்டி ‘கார்போரண்டம்’ என்று பெயர் வைத்தார். சோதித்தால் அதில் அலுமினியமே இல்லை, சிலிக்கனும் கார்பனும். பெயரை மாற்றவில்லை. 1893-ல் காப்புரிமையும் வாங்கியாயிற்று.

அந்தப் பெயர் 1954-ல் சென்னைக்கு வந்தது. முருகப்பா குழுமம் அமெரிக்க, ஆங்கில நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், தொழிற்சாலை திருவொற்றியூரில். ஜார்ஜ் கோட்டையிலிருந்து பார்த்தால் கடலோரமாக வடக்கே கொஞ்ச தூரம்தான். கப்பலேறிப் போன சொல் ஒரு தப்புக் கணக்கில் வால் முளைத்து, ஏறக்குறைய அதே துறைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அடுத்த சந்தேகம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அலுமினியத்தை வெள்ளைக் கல்லில் பிடிக்காதீர்கள். மென்மையான உலோகம், கல்லின் கண்களில் அப்பிக்கொண்டு அடைத்துவிடும், அப்புறம் டிரஸ்ஸர் என்ற கருவியை வைத்துக் கல்லின் மேற்பரப்பைச் சீவினால்தான் வெட்டும். கல்லும் அலுமினியத்தின் பிள்ளைதான், இருந்தும் சேர்ந்தால் ஆகாது.

ஜூலை 2

நாமக்கல்லில் ஒரு கல்யாணம். முடிந்ததும் மச்சானின் பைக்கை வாங்கிக்கொண்டு சித்தம்பூண்டி போய் வந்தேன். நிலவியல் படித்தவர்களுக்கு இந்த ஊர் தெரியும். வெள்ளை வெளேர் என்று அனார்த்தோசைட் பாறை. நிலாவின் மேட்டு நிலங்களும் இந்த வகைப் பாறைதான் என்பதால், சந்திரயான்-2 லேண்டரையும் ரோவரையும் சோதிக்க வேண்டிய நிலா மண்ணை இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்துத்தான் செய்தது. அந்த வெள்ளைப் பாறைக்குள் குருந்தம் உண்டு.

ஊர்ப் பெரியவர் ஒருவர் என் தேடலைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மாட்டுக்கொட்டகை மாடக்குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். கட்டைவிரல் நீளம், நடுவில் பருத்து முனையில் ஒடுங்கிப் பீப்பாய் மாதிரி, ஆறு முகம். நிறம் அழுக்குச் சிவப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் மட்டும் ரத்தக் கசிவு போல. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன், என் ஆராய்ச்சிக்கு மகுடமாகக் குருந்தம் என்று சொல்வார் என்று. “கல்லுங்க” என்றார்.

வீட்டில் அரம் வைத்துத் தேய்த்தேன். கல்லில் கீறல் இல்லை, வெள்ளிக்கோடு விழுந்தது. அது கல்லில் விழுந்த கோடு இல்லை, அரத்தின் இரும்பு கரைந்து ஒட்டிய தடம். அசல் குருந்தம்!

ஜூலை 3

அவசரம், மறுபடியும். ஒரு கல்லூரி மாணவி எழுதுகிறார்: வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) அரத்தைத் தேய்த்தாலும் அதே வெள்ளித் தடம்தான் விழும், அதன் கடினம் 7, அரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். உங்கள் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

சரி. தெருவில் ஒரு வெங்கச்சங்கல்லைப் பொறுக்கி, பெரியவர் கொடுத்த கல்லின் முனையால் அழுத்தி இழுத்தேன். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம், தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகும் போகவில்லை. அப்புறம் பேத்தியின் சமையல் தராசையும் அளவுக் குவளையையும் எடுத்து எடைபோட்டேன். தண்ணீரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கனம். வெங்கச்சங்கல் என்றால் இரண்டரையைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இப்போது சொல்லலாம். தங்கையே, நன்றி. முப்பத்தொரு வருடம் அரம் பிடித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஜூலை 14

இன்று ஞாயிறு, தெருவில் சாணை பிடிப்பவர் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்தால் முன்னால் வீல் சுற்றும் அந்த அமைப்பு. இரண்டு அரிவாள்மணை, ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீல் கடையில் வாங்கியது. “முன்னெல்லாம்?” என்றேன்.

முன்னெல்லாம் அவருடைய தாத்தா தானே வார்ப்பாராம். கல்லை உரலில் இடித்துச் சலித்து, அரக்கைச் சட்டியில் உருக்கி, அதில் பொடியைக் கொட்டிக் கிளறி, கெட்டியாகும் முன் வட்டமாகத் தட்டிவிடுவது. “ரொம்ப அழுத்தக்கூடாது சார். சூடு ஏறினா அரக்கு இளகும், நாத்தம் வரும். அப்ப கத்தியை எடுத்துரணும்.”

வீட்டுக்குள் வந்து வுட்வர்டின் பட்டியலை மறுபடி பார்த்தேன். அதில் ஒரு குருவிந்தம், கோட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் தோண்டி எடுப்பது. அரக்கு கலந்து இறுகச் செய்தால் மாணிக்கம் தேய்க்க உதவும் என்று எழுதியிருக்கிறார். கொடுத்தவர் பெயர் பல்க்லி. அந்தக் காலத்தில் ஜார்ஜ் கோட்டையில் எட்வர்டு பல்க்லி என்று ஒரு மருத்துவர் இருந்தார், செடியும் கல்லும் சேகரித்து லண்டனுக்கு அனுப்புபவர், 1693-ல் அங்கே பிரேதப் பரிசோதனை செய்து பெயர் வாங்கியவர். அவராகத்தான் இருக்கவேண்டும். அவரும் யாரோ ஒரு சாணைக்காரர் பக்கத்தில் இப்படி உட்கார்ந்து கேட்டிருப்பார், மொழிபெயர்க்க ஒரு துபாஷி நடுவில்.

அந்தப் பொடிக்குத் தாத்தா என்ன பெயர் சொல்வார் என்று கேட்க மறந்துவிட்டேன். அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார், மணி ஓசை மட்டும் கேட்டது. செருப்பு மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஜூலை 14, இரவு

பிடித்துவிட்டேன், பால் பூத் பக்கத்தில். “குரந்தப் பொடி” என்றார். நான் திரும்பக் கேட்டதும், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து, “எமரி சார், எமரி” என்று திருத்திக்கொண்டார்.

ஜூலை 21

கேள்வி கேட்ட வாசகர் தன் குடும்பக் குழுவில் பன்னிரண்டாவது வரியை ‘குருந்தம், தமிழ்; முதலில் பதிவானது தெலுங்கு’ என்று திருத்தி, எலிக் கதையோடு அனுப்பினாராம். ஐதராபாத் சித்தப்பா ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறார். மற்றவர்கள் காலை வணக்கம்.